ஐஸ்லாந்தில் விலக்கப்பட்டவனுக்குக் கதவு திறந்தவர்கள்

கேள்வி இது: "இடைக்கால ஐஸ்லாந்துக் கதைகளில், யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்று அறிவிக்கப்பட்ட ஆட்கள் மலையிலும் தீவிலும் ஒளிந்து வாழ்கிறார்கள். நிஜமாகவே அப்படி ஆட்கள் இருந்தார்களா? ராபின் ஹூட் மாதிரி நல்ல கொள்ளையர்களா? அந்தக் குளிரில் ஒருவன் 19 வருஷம் எப்படித் தாக்குப்பிடித்தான்?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரே வரியில் பதில்: அவனுக்குச் சோறு போட ஆள் இருந்தது. சட்டம் அதைத்தான் தடுக்கப் பார்த்தது, கதைகளும் அதைச் சுற்றியேதான் ஓடுகின்றன.

ஐஸ்லாந்தில் ஜனங்கள் குடியேற ஆரம்பித்தது 870 வாக்கில். பெரும்பாலும் நார்வேக்காரர்கள், கூடவே பிரிட்டன், அயர்லாந்துப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. 930 வாக்கில் திங்வெல்லிர் என்ற இடத்தில் வருஷத்துக்கு ஒருமுறை, கோடையில் கூடும் ஆல்திங் சபையை ஏற்படுத்தினார்கள். சட்டம் இயற்றுவதும் வழக்கு விசாரிப்பதும் அங்கேதான். ஆனால் அந்த நாட்டுக்கு ராஜா கிடையாது. படை இல்லை, காவலர் இல்லை, சிறை இல்லை, கொலைக்களமும் இல்லை. 'கோதி' என்று அழைக்கப்பட்ட தலைவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். ஆரம்பத்தில் 36 பேர். பொதுச் செலவில் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் சட்டம் உரைப்பவர். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு சுற்றாக முழுச் சட்டத்தையும் மனப்பாடமாகச் சபையில் ஒப்பிப்பது அவர் வேலை. 1117-18 குளிர்காலத்தில்தான் அதை எழுதி வைக்கத் தொடங்கினார்கள். இன்று கிராகாஸ் என்ற பெயரில் நமக்குக் கிடைப்பது 13ஆம் நூற்றாண்டின் இரண்டு பெரிய தோல் சுவடிகள்.

சரி, நீதிமன்றம் ஒருவனைக் குற்றவாளி என்கிறது. அடுத்து யார் என்ன செய்வது? வழக்கில் ஜெயித்தவனே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அவன் பின்னால் உறவும் பலமான கோதியும் நின்றால் தீர்ப்பு நடக்கும். இல்லாவிட்டால் தீர்ப்பு வெறும் காற்று. இந்த ஓட்டையை அடைக்க அவர்கள் வைத்திருந்த பெரிய ஆயுதம்தான் சட்டவிலக்கு. சட்டம் தன் பாதுகாப்பை அவனிடமிருந்து எடுத்துவிடும். அவனைக் கொன்றால் கேள்வி இல்லை, நஷ்டஈடு இல்லை.

இதில் இரண்டு படி உண்டு. சிறு விலக்கு என்றால் மூன்று ஆண்டுகள் வெளிநாடு. தண்டனை பெற்றவன் தன் கோதிக்கு ஒரு மார்க் (அந்தக் கால எடை அளவு) மதிப்புள்ள 'உயிர் வளையம்' கட்ட வேண்டும். கட்டத் தவறினால் நேராக முழு விலக்குதான். கட்டிவிட்டால் அவன் தங்க மூன்று வீடுகள் குறிக்கப்படும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு நாள் பயணத்துக்கு மேல் தூரம் இருக்கக்கூடாது. அந்த வீடுகளிலும் அவற்றைச் சுற்றி அம்பு பாயும் தொலைவிலும் அவனைத் தொட முடியாது. வீட்டுக்கு வீடு போகும் பாதையிலும் பாதுகாப்பு உண்டு. ஆனால் எதிரே ஆள் வந்தால், அவர்களுடைய ஈட்டி முனை எட்டாத தூரத்துக்கு அவன் பாதையை விட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். மூன்று கோடைக்குள் கப்பல் பிடித்துக் கிளம்பியாக வேண்டும். மூன்று குளிர்காலம் வெளியே கழித்துவிட்டுத் திரும்பினால் எல்லோரையும் போல அவனும் ஒரு குடிமகன்.

முழு விலக்கு வேறு ரகம். அந்தத் தீர்ப்பு பெற்றவனைக் 'காட்டு மனிதன்' என்றார்கள், ஐஸ்லாந்தில் சொல்லிக்கொள்ளும்படி காடே இல்லாவிட்டாலும். அவனுக்கு உணவு தரக்கூடாது. படகிலோ கப்பலிலோ ஏற்றக்கூடாது. உயிர் பிழைக்க உதவும் எந்த வழியும் சொல்லித்தரக்கூடாது. ஏற்றக்கூடாது என்பதைக் கவனியுங்கள்: வெளிநாட்டுக்குத் தப்பிப் போவதற்கும் தடை. சபை கலைந்து 14 நாள் கழித்து அவன் வீட்டு வேலிக்கு வெளியே, அம்பு பாயும் தூரத்துக்குள், சொத்துப் பறிமுதல் மன்றம் கூடும். அவன் கடன்களை அடைத்து மிச்சத்தில் ஒரு பங்கு வழக்குத் தொடுத்தவனுக்கு, ஒரு பங்கு அந்தப் பகுதி மக்களுக்கு. விலக்கில் இருக்கும்போது தன் சொந்த மனைவியிடம் அவனுக்குக் குழந்தை பிறந்தால் அந்தக் குழந்தைக்குச் சொத்துரிமை இல்லை. செத்தால் தேவாலய மண்ணில் இடமும் இல்லை.

நம்மூரில் பஞ்சாயத்து ஒரு குடும்பத்தைத் தள்ளிவைத்தால் தண்ணீர், நெருப்பு, பேச்சுவார்த்தை எதுவும் கொடுக்கக்கூடாது என்று ஊரைத்தானே எச்சரிப்பார்கள், அந்த மாதிரிதான் இதுவும். தீர்ப்பின் வாசகங்கள் குற்றவாளியிடம் பேசவில்லை, மற்ற எல்லோரிடமும் பேசுகின்றன. உணவு கொடுத்தவனுக்கும் தண்டனை உண்டு. பொதுவாக மூன்று வருஷச் சிறு விலக்கு. போலீஸ் இல்லாத நாட்டில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் காவல்காரனாக மாற்றப் பார்த்த ஏற்பாடு இது. கதவுக்குப் பின்னால் இருப்பவர்கள் அப்படியே கேட்டு நடந்தார்களா என்பது வேறு விஷயம்.

எந்தக் குற்றத்துக்கெல்லாம் முழு விலக்கு என்று பார்த்தால் சில இடங்களில் சிரிப்பு வரும். கொலை, திருட்டு சரி. ஒரு பெண்ணை நினைத்துக் காதல் பாட்டுக் கட்டினால்கூட முழு விலக்கு என்கிறது கிராகாஸ். வசைப்பாட்டுக்கும் அப்படித்தான், அரைச் செய்யுள் போதும். ஐஸ்லாந்துக்காரர்களோ வாயைத் திறந்தால் கவிதை! இந்தச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து நடத்தியிருந்தால் தீவில் ஆள் மிஞ்சியிருக்காது. நடைமுறையில் நிறைய வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. நடுவர் வைத்து, வெள்ளி கொடுத்து, சில காலம் ஊரை விட்டுப் போகிறேன் என்று ஒத்துக்கொண்டு தீர்த்துக்கொண்டார்கள். முழு விலக்கு பாய்ந்தது யார் மேல் என்றால், சமரசம் பேச ஆள் இல்லாதவன் மேலும், எதிராளி வெள்ளியை வாங்க மறுத்தவன் மேலும்தான். விலக்கப்பட்டவன் என்றதும் கொடியவன் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. பல சமயம் அவன் ஆதரவில்லாதவன், அவ்வளவே.

க்ரெட்டிர் அஸ்முண்டர்சன் வழக்கு இதற்கு நல்ல சாட்சி. நீங்கள் கேட்ட 19 வருஷம் அவனுடையதுதான். வடக்கே மித்ஃபியோர்டில் ப்யார்க் என்ற பண்ணையில் பிறந்தவன். முரடன், சோம்பேறி, நாக்கில் விஷம். சிறுவயதிலேயே காணாமல்போன உணவு மூட்டைக்காக நடந்த சண்டையில் ஒருவனைக் கொன்று மூன்று வருஷச் சிறு விலக்கில் நார்வே போய்வந்தவன். முழு விலக்கு வந்ததோ அவன் நல்லது செய்யப் போன இடத்தில். மறுபடி நார்வே போகும்போது கப்பலில் எல்லோரும் குளிரில் விறைக்கிறார்கள். கரையில் தெரிந்த வெளிச்சத்துக்கு நீந்திப் போய் நெருப்பு எடுத்துவர க்ரெட்டிர் இறங்குகிறான். உடம்பெல்லாம் பனி உறைந்து உள்ளே நுழைந்தவனைப் பார்த்து, குடித்துக்கொண்டிருந்தவர்கள் பூதம் என்று நினைத்துக் கொள்ளிக்கட்டையால் அடிக்கிறார்கள். நெருப்போடு அவன் வெளியேறிவிட்டான். ராத்திரியில் அந்த வீடு எரிந்து உள்ளே இருந்த அத்தனை பேரும் சாம்பல். அதில் கார்த் ஊர் தோரிர் என்ற பெரிய மனிதரின் மகன்களும் இருந்தார்கள்.

தோரிர் ஆல்திங்கில் வழக்குப் போட்டபோது க்ரெட்டிர் நாட்டிலேயே இல்லை. சட்டம் உரைப்பவரான ஸ்காப்தி, ஒருவர் மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் தெரியும் என்று தடுத்துப் பார்த்தார். தோரிரின் செல்வாக்குக்கு முன்னால் அது எடுபடவில்லை. க்ரெட்டிர் ஊர் திரும்பிய அன்று மூன்று செய்திகள் ஒன்றாக வந்தன: அப்பா போய்விட்டார், அண்ணனைக் கொன்றுவிட்டார்கள், நீ முழு விலக்கில் இருக்கிறாய்.

அதற்கப்புறம் அவன் வாழ்க்கை கதவு தட்டுவதுதான். சிலர் ஒரு குளிர்காலம் வைத்துக்கொண்டார்கள். சிலர் துணி கொடுத்து அனுப்பினார்கள். சிலர் உள்ளே விடாமல் யோசனை மட்டும் சொன்னார்கள். ஸ்காப்தியிடமே ஒருமுறை போய் நின்றான். 'சட்டத்தைக் காப்பவன் என்று பெயர் வைத்துக்கொண்டு நானே விலக்கப்பட்டவனை வீட்டில் வைத்துச் சட்டத்தை மீறுவது பொருந்தாது' என்பது அவர் பதில். இருந்தாலும், திருடாமல் பிழைக்க முடிகிற இடமாகப் பார்த்துப் போ என்று வழி சொன்னார். வழி சொல்வதும் சட்டப்படி தப்புதான். அந்த நாட்டின் முதல் சட்ட அறிஞரே அந்தக் கோட்டை அரை அடி தாண்டுகிறார்.

எனக்குப் பிடித்த காட்சி வடமேற்கு மூலையில், இசாஃபியோர்டில் நடப்பது. க்ரெட்டிர் அங்கே சின்னச் சின்ன விவசாயிகளிடம் கேட்டதையெல்லாம் எடுத்துக்கொள்கிறான். ஒருநாள் அவன் அயர்ந்து தூங்கும்போது முப்பது பேர் சேர்ந்து அமுக்கிக் கட்டிவிடுகிறார்கள். பிடித்தாயிற்று, இனி என்ன செய்வது? அந்தப் பகுதித் தலைவர் வெர்முண்டர் ஆல்திங்குக்குப் போயிருக்கிறார், அவர் வரும்வரை யாராவது வைத்திருக்க வேண்டும். ஒருவனைக் கேட்டால் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, என் வீட்டுக்கு வேண்டாம் என்கிறான். அடுத்தவனைக் கேட்டால் அவனுக்கு வசதி போதாது. இப்படியே கைமாறிக் கைமாறி ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பேசாமல் இங்கேயே தூக்கில் போட்டுவிடலாம் என்று தூக்குமரம் நட ஆரம்பித்தார்கள். சிறை இல்லாத நாடு எப்படி இயங்கும் என்பதை இதைவிட நன்றாக யாரும் காட்டியதில்லை.

அந்த நேரத்தில் வெர்முண்டரின் மனைவி தோர்ப்யோர்க் குதிரையில் வருகிறார். கட்டுண்டு கிடந்தவனை இனி இந்தப் பக்கம் கொள்ளையடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய வைத்து, அவிழ்த்துவிட்டு, தன் பண்ணைக்கே அழைத்துப் போகிறார். சட்டப்படி குற்றம். முப்பது பேரில் ஒருவனும் அவருக்கு எதிராக வாய் திறக்கவில்லை. திரும்பி வந்த கணவர் முதலில் முகம் சுளித்தாலும் அப்புறம் மனைவியின் துணிவை மெச்சிக்கொள்கிறார்.

இன்னொரு பெரிய விலக்குக் கதை கீஸ்லியுடையது. க்ரெட்டிருக்கு அடுத்தபடி நீண்ட காலம் விலக்கில் வாழ்ந்தவன் என்று அவன் கதையே சொல்கிறது. 10ஆம் நூற்றாண்டு, மேற்கு ஃபியோர்டுகள் (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் கடற்கால்கள்). மனைவி அவுதின் அண்ணன் வெஸ்டெய்ன் கொல்லப்படுகிறான். பழிக்குப் பழியாகத் தன் தங்கை தோர்திஸின் புருஷன் தோர்க்ரிமை நள்ளிரவில் படுக்கையிலேயே குத்திக் கொல்கிறான் கீஸ்லி. பிறகு தன் வாயாலேயே ஒரு புதிர்ச் செய்யுளில் அதைச் சொல்லித் தொலைக்கிறான். தங்கை அதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, வீட்டுக்குப் போகும்போது பொருள் விளங்கிவிட, இரண்டாவது கணவன் போர்க்கிடம் சொல்லிவிடுகிறாள். போர்க் செத்தவனின் சொந்த அண்ணன்.

விலக்குத் தீர்ப்புக்குப் பிறகு கீஸ்லி தன் அண்ணன் தோர்கெலிடம் மறுபடி மறுபடி போகிறான். ஒவ்வொரு தடவையும் துணியும் வெள்ளியும் கிடைக்கிறது, தங்க இடம் கிடைப்பதில்லை. ஆபத்து வந்தால் எச்சரிக்கிறேன், வழக்கில் மாட்டிவிடும்படி எதுவும் செய்யமாட்டேன் என்பது அண்ணன் கணக்கு. தோர்கெலை நான் வில்லனாகப் பார்க்கவில்லை. பெரும்பாலான ஐஸ்லாந்துக்காரர்கள் அவரைப் போலத்தான் நடந்திருப்பார்கள். நாமும் அப்படித்தான் நடப்போம்.

மறுபக்கம் ஹெர்கில்சே தீவில் இங்யால்ட் என்ற குத்தகைக்காரர். நிலம் யாருடையது? கீஸ்லியைத் தேடும் அதே போர்க்கினுடையது. ஒளித்து வைத்திருக்கிறாய், உன்னைக் கொன்றால் தப்பில்லை என்று போர்க் மிரட்டியபோது இங்யால்ட் சொன்ன பதிலின் சாரம் இது: என் உடுப்பு பழசு, இது முழுசாகக் கிழிகிற வரைக்கும் போட்டுக்கொள்ள முடியாமல் போனாலும் எனக்கு வருத்தமில்லை. சாகா எனப்படும் இந்தப் பழைய ஐஸ்லாந்துக் கதைகளின் நடை முழுவதும் இப்படித்தான், பெரிய விஷயத்தைச் சின்னப் பேச்சில் முடித்துவிடுவார்கள். இந்தத் தீவு அடைக்கலத்துக்கு ஒரு வேடிக்கையான பின்னணியும் இருக்கிறது. கீஸ்லிக்கு யார் உதவினாலும் பலிக்கக்கூடாது என்று எதிரிகள் ஒரு மந்திரவாதிக்கு ஒன்பது வயது எருதைக் கூலியாகக் கொடுத்துச் செய்வினை வைக்கிறார்கள். அவன் நிலப்பரப்பைச் சொன்னான், வெளித்தீவுகளைச் சேர்க்க மறந்துவிட்டான். சட்டநுணுக்கம் ஊறிப்போன ஜனங்கள், செய்வினையிலும் ஓட்டை கண்டுபிடிக்கிறார்கள்.

ஆனால் கீஸ்லி இத்தனை காலம் உயிரோடிருந்ததற்குக் காரணம் அவுத். கெய்ர்த்யோஃப்ஸ்ஃபியோர்டில் தன்னந்தனிப் பண்ணையில் வளர்ப்பு மகளோடு இருந்துகொண்டு, பக்கத்திலேயே நிலவறையில் அவனை வைத்துக் காப்பாற்றினாள். கீஸ்லியை வேட்டையாடியவர்களின் தலைவன் எயோல்ஃப் ஒருநாள் வந்து, இடத்தைக் காட்டினால் முந்நூறு வெள்ளி, இவனைவிட நல்ல மாப்பிள்ளையும் பார்த்துத் தருகிறேன் என்கிறான். அவுத் வெள்ளியைக் கொட்டச் சொல்கிறாள். வளர்ப்பு மகள் பதறி, அம்மா உன்னை விற்கிறாள் என்று அழுதுகொண்டே கீஸ்லியிடம் ஓடுகிறாள். என் சாவு அவுதின் கையால் வராது என்று அவன் நகரவே இல்லை. உள்ளே அவுத் நிதானமாக எண்ணி முடிக்கிறாள். இது என் பணம்தானே, இஷ்டப்படி என்ன வேண்டுமானாலும் செய்யலாமா என்று கேட்கிறாள். தாராளமாக என்கிறான். எல்லாவற்றையும் பெரிய பையில் போட்டு, எழுந்து, அந்தப் பையாலேயே அவன் மூக்கில் ஓங்கி ஒரு அடி. ரத்தம் கொட்டுகிறது. ஒரு பெண்ணிடம் அடி வாங்கியதைச் சாகும்வரை நினைத்துக்கொண்டிரு என்கிறாள். இவளைக் கொல்லுங்கள் என்று கத்துகிறான் எயோல்ஃப். அவனோடு வந்தவர்களே தடுத்துவிடுகிறார்கள்.

கடைசியில் கீஸ்லியைப் பிடித்துவிடுகிறார்கள். பாறை உச்சியில், சரிந்த குடலைச் சட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சண்டை போட்டுச் சாகிறான். அவனைக் காட்டிக்கொடுத்த அதே தங்கை தோர்திஸ், எயோல்ஃப் விருந்தாளியாக வந்தபோது அண்ணன் வாளாலேயே அவன் தொடையைக் கிழித்துவிட்டுப் போர்க்கை விவாகரத்து செய்கிறாள்.

அடைக்கலம் தருபவர்களின் கதை இப்படியென்றால், விலக்கப்பட்டவர்களுக்குள்ளேயே நடந்த விளையாட்டு இன்னும் கொடூரம். ஒரு காட்டு மனிதன் இன்னொரு காட்டு மனிதனைக் கொன்றால் அவன் தண்டனை குறையும். மூன்று பேரைக் கொன்றால் முழு விடுதலை. பிடிக்க ஆள் இல்லாத அரசுக்கு இதைவிட மலிவான வழி கிடைக்காது. விலக்கப்பட்டவர்கள் கூட்டாளி சேர்வதை இந்த ஒரு விதியே நஞ்சாக்கிவிட்டது. அர்னார்வட்ன் மேட்டு நிலத்தில், ஏரியில் மீன் பிடித்து ஒற்றைக் குடிசையில் க்ரெட்டிர் வாழ்ந்தபோது அடுத்தடுத்து இரண்டு பேர் தோழமை தேடி வந்தார்கள். இருவரும் அவன் தலைக்காக எதிரிகள் அனுப்பியவர்கள். இரண்டாமவன் செந்தாடி தோரிர் ரொம்ப நாள் காத்திருந்தான். புயலில் சிக்கிய வலையை எடுக்க க்ரெட்டிர் ஏரியில் நீந்திவிட்டுக் கரையேறும் நேரம் பார்த்து வாளோடு பாய்ந்தான். க்ரெட்டிர் தலைகீழாக நீருக்குள் மூழ்கி, அவனுக்குத் தெரியாமல் பின்பக்கம் கரையேறி ஆளைத் தீர்த்தான். அதற்குப் பிறகு காட்டு மனிதர்களைச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தான். ஆனால் தனியாக இருக்கவும் அவனால் முடியாது.

ஏன் முடியாது என்பதில்தான் இந்தக் கதையை எழுதியவரின் மேதைமை இருக்கிறது. விலக்குக்கு முன்பே க்ரெட்டிர், க்ளாம் என்ற செத்துப்போன இடையனின் பேயோடு மல்லுக்கட்டி அதை அடக்கியிருந்தான். சாகும் தறுவாயில் அது சாபம் விட்டது: நீ விலக்கப்படுவாய், தனியாக வாழும்படி ஆகும், என் கண்கள் எப்போதும் உன் முன்னால் நிற்கும். அன்றிலிருந்து ஐஸ்லாந்தின் மகா பலசாலிக்கு இருட்டென்றால் பயம். யாரோடும் சேர்ந்திருக்க முடியாத தீர்ப்பு ஒருபக்கம், இருட்டில் ஒரு துணை இல்லாமல் இருக்க முடியாத மனசு மறுபக்கம். அந்த நாட்டின் குளிர்காலத்தில் பகல் வெளிச்சம் எவ்வளவு நேரம் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் அவன் கடைசியாக ட்ராங்கே தீவுக்குப் போகும்போது, பதினைந்து வயதுத் தம்பி இல்லுகி நானும் வருகிறேன் என்று கிளம்புகிறான். ஸ்காகாஃபியோர்டின் நடுவே செங்குத்தாக 180 மீட்டர் எழும் பாறைத் தீவு அது. ஏணியை மேலே இழுத்துவிட்டால் யாரும் ஏற முடியாது. கரையோர விவசாயிகள் பங்கு வைத்து மேய்த்துவந்த ஆடுகள் அங்கே இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக அடித்துத் தின்றார்கள். ஒரு கிழட்டுக் கிடாவை மட்டும் விட்டுவைத்தார்கள். அது அவர்கள் பின்னாலேயே திரியும், சாயங்காலம் குடிசைக் கதவில் கொம்பை உரசும். அந்த ஒரு ஆட்டை வெட்ட மனசு வரவில்லை என்பதிலேயே அவர்கள் தனிமை தெரிந்துவிடுகிறது. ஒரு தடவை அவர்களோடு தீவில் இருந்த வேலையாள் அடுப்பு நெருப்பை அணையவிட்டதால் க்ரெட்டிர் கரைக்கு நீந்தினான். ஏறக்குறைய 7 கிலோமீட்டர், பனிக்கடல். கதை என்று நினைத்திருந்தார்கள். 1927இல் ஒரு ஐஸ்லாந்துக்காரர் நிஜமாகவே நீந்திக் காட்டினார், அதன் பிறகும் பலர் நீந்தியிருக்கிறார்கள். அவன் கரையேறி உடம்பைச் சூடேற்றிக்கொண்ட வெந்நீர் ஊற்று இன்றைக்கும் அவன் பெயரில் இருக்கிறது.

ஹெக்ரனேஸ் என்ற இடத்தில் வசந்தத்தில் கூடும் வட்டாரச் சபைக் காட்சியையும் சொல்லிவிடுகிறேன். தீவில் சலித்துப்போன க்ரெட்டிர், கிழிந்த உடையில் கெஸ்ட் என்ற பெயர் சொல்லிக்கொண்டு கரையில் கூடிய சபைக்கு வருகிறான். அங்கே மல்யுத்தம் நடக்கிறது. வாட்டசாட்டமாக உட்கார்ந்திருக்கும் இவனை இழுத்துக் களத்துக்குக் கூப்பிடுபவன் யார் என்றால், 'தூண்டில் முள்' என்ற பட்டப்பெயர் கொண்ட தோர்ப்யோர்ன், பின்னால் இவனைக் கொல்லப்போகும் ஆள். பத்திரமாக வீடு திரும்பலாம் என்று வாக்குக் கொடுத்தால் வருகிறேன் என்கிறான். ஹாஃப்ர் என்பவர் எழுந்து சமாதான வாசகத்தை நீட்டி முழக்கி உரைக்கிறார். இந்த வாக்கை மீறுகிறவன் ஓநாயாகத் துரத்தப்படட்டும், நெருப்பு எரியும் இடமெல்லாம், குழந்தை அம்மாவைக் கூப்பிடும் இடமெல்லாம், கப்பல் மிதக்கும், பனி பெய்யும், தேவதாரு வளரும் இடமெல்லாம், இரண்டு சிறகிலும் நல்ல காற்று வாங்கி வல்லூறு ஒரு நீண்ட வசந்தப் பகல் முழுக்கப் பறக்கும் தூரமெல்லாம். சட்டத்தில் இருக்கும் வாசகம்தான் அது, கவிதையாகவே இருக்கிறது. முடிந்ததும் அவன் மேலாடையைக் கழற்றுகிறான். க்ரெட்டிர்! கூட்டத்தில் சலசலப்பு. ஓநாய் என்று ஏற்கெனவே துரத்தப்படுபவனைத் தொட்டால் இப்போது இவர்கள் ஓநாய்கள். தூண்டில் முள்ளின் அண்ணனே எழுந்து, வாக்கை மீறக்கூடாது என்று முடிக்கிறார். மல்யுத்தமும் நடக்கிறது. அவன் பத்திரமாகத் தீவுக்குத் திரும்பிப் போகிறான்.

முடிவு அசிங்கமானது. யாரும் 20 குளிர்காலத்துக்கு மேல் விலக்கில் இருக்க வேண்டியதில்லை என்று அப்போதைய சட்டம் உரைப்பவர் சொல்லிவிடுகிறார். கணக்குப் பார்த்தால் க்ரெட்டிருக்கு 19 முடிந்திருக்கிறது, ஒன்றுதான் பாக்கி. இந்த 20 வருஷ விதி கிராகாஸில் இல்லை. கதாசிரியர் கடிகாரத்தை இறுக்குவதற்காகச் சேர்த்தது என்றே நினைக்கிறேன். காலம் தப்பிவிடும் என்று அவசரப்பட்ட தூண்டில் முள், தன் வளர்ப்புத் தாயைக் கொண்டு ஒரு மரத்துண்டில் மந்திர எழுத்து வெட்டி, ரத்தம் பூசிக் கடலில் விடுகிறான். அது தீவுக்கு ஒதுங்குகிறது. விறகென்று கோடரியை ஓங்கியபோது வெட்டு வழுக்கி க்ரெட்டிரின் காலிலேயே இறங்குகிறது. புண் அழுகிச் சாகக் கிடந்தவனைத்தான் கும்பலாக வந்து வெட்டினார்கள். பழிவாங்க மாட்டேன் என்று சத்தியம் செய்தால் விடுகிறோம் என்றபோது இல்லுகி சிரித்தான். அவனையும் கொன்றார்கள்.

தலையை எடுத்துக்கொண்டு பரிசுப் பணம் கேட்கப் போனவனுக்கு ஒரு காசு கிடைக்கவில்லை. சூனியத்தால் கொன்றாய், பாதி செத்தவனைக் கொன்றாய் என்று சபை அவனையே நாட்டை விட்டு அனுப்பியது. சட்டம் சொன்ன வேலையைச் செய்தவன் அவன். ஆனாலும் சபையில் அவன் பக்கம் ஆள் சேரவில்லை. கதையின்படி க்ரெட்டிரின் அண்ணன் ஒருவர் கான்ஸ்டான்டிநோபிள்வரை துரத்திப் போய் அவனைக் கொன்றார்.

இதெல்லாம் நிஜமா என்ற கேள்விக்கு வருவோம். தண்டனை நிஜம், அதில் சந்தேகமே இல்லை. க்ரெட்டிர், கீஸ்லி இருவரும் வாழ்ந்த ஆட்களாகத்தான் இருக்க வேண்டும் என்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். ஆனால் கீஸ்லி கதை 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது, க்ரெட்டிர் கதை அதைவிடவும் பிந்தி, 14ஆம் நூற்றாண்டில். பேய், சாபம் மட்டுமல்ல, வசனங்களையும் எழுதியவர்களின் கைவண்ணமாகவே படிக்க வேண்டும். எழுதப்பட்ட காலமும் முக்கியம். 13ஆம் நூற்றாண்டில் பெரிய குடும்பங்களின் சண்டையில் நாடு ரத்தக்களறியாகி, 1262-64இல் நார்வே மன்னரிடம் பணிந்தது. அந்தச் சண்டைகளில் உண்மையான விலக்கப்பட்டவர்கள் உண்டு. பிஷப் குத்முண்டரின் ஆளான ஆரோன் ஹ்யோர்லெய்ஃப்சன், 1222 க்ரிம்சே சண்டைக்குப் பிறகு விலக்கப்பட்டு, ஒளிந்து திரிந்து, நார்வேக்குத் தப்பி, ஜெருசலேம்வரை போய்வந்து, 1255இல் இறந்தார். சாகா எழுதியவர்களுக்கு விலக்கு என்பது பழைய கதை அல்ல, பக்கத்து வீட்டுச் செய்தி.

ராபின் ஹூட் ஒப்பீடு எடுபடாது. க்ரெட்டிர் திருடியது பணக்காரர்களிடம் அல்ல, திருப்பி அடிக்க முடியாத சின்ன விவசாயிகளிடம். யாருக்கும் பங்கு கொடுத்ததும் இல்லை. கும்பல் சேர்த்து வாழ்ந்த கதை என்றால் ஹோர்த் க்ரிம்கெல்சனுடையது. ஹ்வால்ஃபியோர்டில் ஒரு சிறு தீவில் எண்பதுக்குக் குறையாத ஆட்களோடு இருந்து சுற்றுவட்டார ஆடுமாடுகளை அள்ளியவன். விவசாயிகள் பொறுக்க முடியாமல், மன்னிப்புத் தருகிறோம் என்று ஆசைகாட்டிக் கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வரவழைத்து வெட்டித் தீர்த்தார்கள். அதில் மறக்க முடியாதவள் அவன் மனைவி ஹெல்கா. நாலு வயது மகனோடு நீந்திக் கரைசேர்ந்துவிட்டு, எட்டு வயது மகனுக்காக மறுபடி நீந்திப் போனாள்.

சிறு விலக்கில் போனவர்கள் கதை வேறு மாதிரி. செந்தலை எரிக் மூன்று வருஷ விலக்கில் 982 வாக்கில் மேற்கே கப்பலைத் திருப்பினான், கிரீன்லாந்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து குடியேற ஆள் சேர்த்தான். ஹ்லிதாரெண்டி குன்னர் இன்னொரு பக்கம். கப்பலுக்குப் போகும் வழியில் குதிரை இடறிக் கீழே குதித்தவன், திரும்பித் தன் மலைச்சரிவைப் பார்த்துவிட்டு, இவ்வளவு அழகாக இது எனக்குத் தெரிந்ததே இல்லை என்று போகாமலே இருந்துவிட்டான். அடுத்து நடந்ததை ஊகிக்கலாம்.

படிக்க ஆசை வந்தால் கீஸ்லியில் தொடங்குங்கள். சின்னது, இரண்டு உட்காரலில் முடிந்துவிடும். ஆரம்பத்தில் பெயர்கள் குழப்பும், அந்தக் குடும்ப மரத்தை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டால் போதும். க்ரெட்டிர் நீளமானது, முதல் சில அத்தியாயங்கள் அவன் முன்னோர்களைப் பற்றியே போகும். பொறுமை இல்லாதவர்கள் அவன் சிறுவனாக வரும் இடத்திலிருந்து படிக்கலாம், பெரிய நஷ்டம் இல்லை. ஹோர்த் கதையை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.